கக்கூஸ் தொட்டி: மூடியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்கு வரைபடம் போடும்போது சமையலறை எந்த மூலையில், பூஜையறை எந்தத் திசையில் என்று ஒரு மாதம் பேசுவோம். செப்டிக் டேங்க் பேச்சு வந்ததும், "அதை எங்கயாச்சும் வாசல்ல போட்டுக்கலாம்ணே" என்பார் கொத்தனார். நாமும் தலையாட்டிவிடுவோம். அந்த 'எங்கயாச்சும்' எனக்கு வைத்த செலவைச் சொல்லிவிட்டே இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.

அவனியாபுரத்தில் நான் கட்டிய முதல் வீட்டில் தொட்டி கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் போனது. தரை அழகாக இருக்க வேண்டும் என்று மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்கள். நாலாம் வருஷம் தைப் பொங்கல். எங்கள் ஊரில் தை ஒன்றாம் தேதி ஜல்லிக்கட்டு, அதனால் எல்லார் வீட்டிலும் விருந்தாளிகள். என் வீட்டில் அன்று பதினேழு பேர். விடிகாலையில் கக்கூஸ் கோப்பை 'குளக் குளக்' என்று சத்தம் போட்டது. ஏழு மணிக்குக் குளியலறைத் தரை ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. லாரிக்காரருக்குப் போன் போட்டால், "இன்னைக்கு ஊருக்குள்ள வண்டி எப்படிண்ணே வரும்?" என்றார். வாடிவாசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடுப்பு. மறுநாள் இரவு வண்டி வந்தது. வந்து, "மூடி எங்க?" என்று கேட்டார். கட்டிய கொத்தனார் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். குத்துமதிப்பாக ஏழு டைல்ஸை உடைத்தோம். அடியில் மூடியே இல்லை, முழுச் சிலாப். கடைசியில் உளியால் ஒரு ஓட்டை போட்டுத்தான் ஓஸை உள்ளே விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பார்த்துக் கட்டிக்கொடுத்த எந்த வீட்டிலும் தொட்டியின் வேலையை மூடியிலிருந்துதான் தொடங்குகிறேன். லாரி எங்கே நிற்கும், ஓஸ் எந்த வழியாக வரும், மூடி எங்கே திறக்கும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் தொட்டியின் இடம் தானாகக் குறிபட்டுவிடும். நீளம், அகலம், குழாய் எல்லாம் அப்புறம்.

நம் ஊர்க் கதை

மதுரைக்குப் பாதாளச் சாக்கடை 1920-களிலேயே வந்துவிட்டது. நகரத்தின் கழிவுநீர் வந்து சேரும் இடங்களில் பெரியது நம் அவனியாபுரம்தான். வெள்ளக்கல்லில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொள்ளளவு உடையது. ஆனால் அவனியாபுரம் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்த ஆண்டில்தான் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் குழாய் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஊரார் கழிவுநீர் நம் எல்லைக்குள் குழாயில் வந்து சேர, நம் வீட்டுக் கழிவு லாரியில் போகிறது என்று இங்கே டீக்கடையில் கேலி பேசுவார்கள். உங்கள் தெருவில் குழாய் போட்டாகிவிட்டது என்றால் இந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு இணைப்புக்கு மனுக் கொடுங்கள். குழாய் 'வரப்போகிறது' என்றால் நம்பிக் காத்திருக்க வேண்டாம், தொட்டியைக் கட்டுங்கள். ஆனால் கழிவுக்குழாயைத் தெருப்பக்கமாகவே கொண்டுவந்து கட்டுங்கள். நாளை இணைப்பு வந்தால் பத்தடிக் குழாயோடு வேலை முடிந்துவிடும்.

குழியைத் தொட்டி என்று நம்பாதீர்கள்

இங்கே பாதி வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவது உண்மையில் உறைக்குழி. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே ஒரு மூடி. "பத்து உறை இறக்கிட்டா ஆயுசுக்கும் அள்ள வேணாம்ணே" என்று இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். அள்ள வேண்டாம் என்பது ஓரளவு உண்மை. ஏன் வேண்டாம் என்றால் உள்ளே போனது அடியில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே போகிறது? உங்கள் போர் இருக்கும் திசைக்கோ, பக்கத்து வீட்டுப் போர் இருக்கும் திசைக்கோ.

கீழடி நமக்குப் பக்கம். அங்கே அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உறை என்பது இந்த மண்ணில் தண்ணீர் எடுக்க இறக்கிய பொருள். அதே உறையை நாம் கழிவை இறக்கப் பயன்படுத்துகிறோம். அது தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி இறங்குகிற அமைப்பு என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

தொட்டி என்றால் அடி, நாலு பக்கம், மேல் எல்லாம் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்க வேண்டும். உள்ளே வரும் கழிவு அதில் ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் இலேசானதும் மேலே ஆடைபோல மிதக்கும். நடுவில் உள்ள கலங்கல் தண்ணீர் மட்டும் அடுத்த குழாய் வழியாக வெளியேறும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் கசடைத் தின்று அளவைக் குறைக்கும். ஆனால் முழுக்கத் தீர்த்துவிடாது. ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். எடுக்க வேண்டாத தொட்டி என்று எவர் சொன்னாலும் அது ஒழுகுகிற தொட்டி.

இதைப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். நீண்ட தூரம் போகும் பாய்மரப் படகுகளில் கழிவறைக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள். துறைமுகத் தண்ணீரில் கொட்டக்கூடாது என்பதால் கரைக்கு வரும்வரை அதிலேயே சேரும். கரையில் உறிஞ்சு எந்திரத்தின் குழாயை மேல்தளத்தில் உள்ள மூடியில் பொருத்தி எடுத்துவிடுவார்கள். படகில் ஓர் அங்குல இடம்கூட வீணில்லை, ஆனாலும் அந்த மூடி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு திருகில் திறக்கும்படி இருக்கும். மூடி எட்டாவிட்டால் அடுத்த பயணம் நடக்காது. ரயிலிலும் இப்போது கழிவறைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. 2016-ல் நாட்டின் முதல் பசுமை ரயில் பாதை என்று அறிவிக்கப்பட்டது நம் மதுரைக் கோட்டத்து மானாமதுரை - ராமேஸ்வரம் பாதை. 114 கிலோமீட்டர். அந்தப் பாதையில் ஓடும் பெட்டிகளுக்கு அடியில் பயோ டாய்லெட் தொட்டி மாட்டினார்கள். தண்டவாளத்தில் மலம் விழுவது நின்றது. ஓடுகிற பெட்டியிலும் மிதக்கிற படகிலும் முடிகிற காரியம், மூன்று சென்ட் மனையில் முடியாமல் போகாது.

இடம்

மூன்று சென்ட் என்றால் ஏறத்தாழ 1,300 சதுர அடி. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இடையே முன்பக்கம் ஆறேழு அடி, பக்கவாட்டில் மூன்றடி மிஞ்சினால் பெரிது. தொட்டி தெருப்பக்கம் வருவதே நல்லது. லாரியின் ஓஸ் எவ்வளவு நீளம் என்று உங்கள் பக்கம் வரும் லாரிக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தெருமுனையில்தான் வண்டி நிற்கும் என்றால் அங்கிருந்து அளக்க வேண்டும்.

வாஸ்து பார்ப்பவர்கள் வாயு மூலை, அதாவது வடமேற்கு என்பார்கள். வடக்கிலோ மேற்கிலோ தெரு இருக்கும் மனைக்கு அது நன்றாகவே பொருந்தும். தெற்குப் பார்த்த மனையில் வாயு மூலை கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். அப்போது ஓஸ் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒருமுறை ஒரு வீட்டில் அப்படிப் போனது. பாதி வழியில் ஓஸ் இணைப்பு விட்டுக்கொண்டது. மேற்கொண்டு நான் எழுத வேண்டாம். வாஸ்துவில் பிடிவாதமாக இருப்பவர்கள் பக்கவாட்டுச் சந்திலாவது மூன்றடி ஒழித்து வையுங்கள்.

குடிக்கும் போரிலிருந்து கழிவு ஊறும் குழி குறைந்தது 18 மீட்டர், நம் கணக்கில் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரவிதி. மூன்று சென்ட்டில் 60 அடியை எங்கே தேடுவது? மனையின் மூலைக்கு மூலை அளந்தாலே பெரும்பாலும் 60 அடி வராது. நேர்மையான பதில் இதுதான்: நெருக்கமான தெருவில் போர்த் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். போரும் குழியும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் போர் எங்கே என்றும் எட்டிப் பாருங்கள். மதில் ஒன்றுதான் குறுக்கே, மண் ஒன்றுதான்.

அளவு

மேற்படி தரவிதியில் பத்துப் பேருக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதாக வைத்துக்கொண்டால், தொட்டியின் உள் அளவு இரண்டு மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். அடிக்கணக்கில் ஆறடி ஏழு இஞ்ச், மூன்றடி, நாலடி ஏழு இஞ்ச். 2,520 லிட்டர் பிடிக்கும். கீழே நீங்கள், மாடியில் ஒரு வாடகைக் குடும்பம் என்ற வீட்டுக்கு இது சரியான அளவு. ஐந்து பேர் மட்டும் என்றால் ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி ஆழம் போதும். நான் அதைக் கட்டச் சொல்வதில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகும், மாடி எழும்பும். பிறகு தொட்டியைப் பெரிதாக்க முடியாது.

தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஓரடி காலியிடம் விடுங்கள். அகலத்தைப் போல் இரண்டு முதல் நாலு மடங்கு நீளம் இருக்க வேண்டும். சதுரத் தொட்டியில் உள்ளே வந்த கழிவு படிய நேரமில்லாமல் நேரே அடுத்த குழாய்க்குப் போய்விடும். இடம் போதவில்லை என்று ஆழத்தைக் கூட்டுபவர்களும் உண்டு. பத்தடி, பன்னிரண்டடி தோண்டுவார்கள். ஆழத்தில் சேறு கல்போல இறுகிக்கொள்ளும், லாரி எந்திரம் இழுக்கத் திணறும். காற்றழுத்தத்தை வைத்து உறிஞ்சும் எந்த எந்திரமும் கொள்கையளவில்கூட 33 அடிக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. சேற்றில் அதில் பாதிகூடக் கிடைப்பது கடினம். எந்திரத்தால் எட்டாத சேற்றுக்காகத்தான் ஆள் இறங்கச் சொல்லும் கேடுகெட்ட பேச்சு வருகிறது.

தொட்டி 2,000 லிட்டருக்கு மேல் என்றால் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறையாக்குங்கள். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. தடுப்பில் தண்ணீர் மட்டத்திலிருந்து ஓரடி கீழே ஓட்டை விட வேண்டும். ஆடையும் கசடும் முதல் அறையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி. ஒரே மூடியை நடுவில் போட்டு இரண்டு அறைக்கும் பொதுவென்று வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஓஸ் நுழையாது, கையைக் கோணலாக விட வேண்டியிருக்கும்.

குளிக்கும் தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் இந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஒரு வாளி வேகமாகக் கொட்டினாலே உள்ளே படிந்தது கலங்கிவிடும். அந்தத் தண்ணீரைத் தனிக் குழாயில் நாலு வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள்.

கட்டுமானம்

அடியில் ஆறு இஞ்ச் கான்கிரீட். அது முதல் அறைப் பக்கம், மூடிக்கு நேர் கீழே தாழ்ந்து வரும்படி வாட்டம் வைத்துப் போடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்று என்பது கணக்கு. சேறு தானாக ஓஸ் இறங்கும் இடத்துக்கு வந்து சேரும். சுவர் ஒன்பது இஞ்ச் செங்கல், உள்ளும் வெளியும் பூச்சு. 'உள்ள பூசிட்டோம்ல, வெளியில எதுக்கு' என்பார்கள். கண்மாய்ப் பாசனத்தில் வயலாக இருந்த மனைகளில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஏறும். அப்போது வெளியிலிருந்தும் தண்ணீர் தொட்டிக்குள் வரும். நீங்கள் மழைத்தண்ணீரை லாரியில் ஏற்றிக் காசு கொடுப்பீர்கள்.

இந்த வேலையில் எல்லாரும் கோட்டை விடுவது குழாய் மட்டத்தில்தான். இதைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கூடவே நில்லுங்கள். கோப்பையிலிருந்து வரும் நாலு இஞ்ச் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று இஞ்ச் வாட்டம் வேண்டும். அதைவிடக் குறைந்தால் மலம் நடுவில் தங்கும். ரொம்பச் சரிந்தால் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், மலம் பின்தங்கிவிடும். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட இரண்டு இஞ்ச் தாழ இருக்க வேண்டும். இரண்டுக்கும் 'டீ' மாட்டி, அதன் கால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓரடியாவது இறங்கியிருக்க வேண்டும். உள்ளே வரும் டீ வேகத்தைக் குறைத்துக் கழிவைக் கீழ்நோக்கி இறக்கும். வெளியேறும் டீ, மேலே மிதக்கும் ஆடையைப் போகவிடாமல் நடுத்தண்ணீரை மட்டும் எடுக்கும். டீக்குப் பதில் நேர்க்குழாயை விட்டுவிட்டுப் போகும் பிளம்பர்கள் உண்டு. சில்லறைக் காசு மிச்சம் பிடித்ததில் அடுத்த குழி இரண்டே வருஷத்தில் அடைத்துக்கொள்ளும்.

சுவர் எழும்போது மட்டத்தைச் சரிபார்க்க ரசமட்டம் போதாது. மட்டக்குழாய் வையுங்கள். தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூபின் ஒரு முனையை வரும் குழாயின் வாயிலும் மறுமுனையை வெளியேறும் இடத்திலும் பிடியுங்கள். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், விரலால் சுண்டி வெளியேற்றுங்கள். தண்ணீர் ஆடி நின்றதும் இரு பக்கமும் பென்சிலில் கோடு. வெளியேறும் பக்கத்தில் கோட்டிலிருந்து இரண்டு இஞ்ச் கீழே இன்னொரு கோடு. அந்தக் கீழ்க்கோட்டில்தான் குழாயின் அடிப்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு கோடும் அழிவதற்குள் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குப் பிறகு கோடு இருக்காது, விவாதம் மட்டும் இருக்கும்.

காற்றுக்குழாய் குறைந்தது இரண்டு இஞ்ச் விட்டம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆறடி மேலே போகட்டும். நுனியில் கொசுவலை கட்டுங்கள். வலை கட்டாத ஏர் பைப் தெருவுக்கே கொசு வளர்க்கும்.

மூடியை இருபது இஞ்ச் விட்ட வட்டமாக வையுங்கள். வட்ட மூடி எப்படித் திருப்பினாலும் உள்ளே விழாது. இரும்புக் கைப்பிடி இரண்டு பதித்து, தரைமட்டத்துக்கு ஓர் இஞ்ச் உயரமாக இருக்கட்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே போகாது. கார் ஏறுகிற இடமென்றால் சிலாப்பும் மூடியும் அந்தப் பாரத்துக்கான கம்பியோடு வர வேண்டும். என்ஜினியரிடம் சொல்லிப் போடுங்கள்.

பூச்சு முடிந்து காய்ந்ததும் வெளியேறும் குழாய் மட்டம்வரை தண்ணீர் நிரப்புங்கள். முதல் நாள் சுவர் குடிக்கும், விட்டுவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பிச் சாக்பீஸால் கோடு போட்டு, இருபத்துநாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் மறுபூச்சு. இந்தச் சோதனைக்கு முன்னால் மண்ணைத் தள்ளி மூடக்கூடாது, கொத்தனாருக்குக் கடைசிக் கூலியும் கொடுக்கக்கூடாது.

பிளாஸ்டிக் தொட்டி

தயாராகக் கிடைக்கும் பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. ஒழுகாது, ஒரு நாளில் இறக்கிவிடலாம். சரளை மண்ணில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீர் ஏறும் மனையில் மட்டும் எச்சரிக்கை. 2,500 லிட்டர்த் தொட்டி காலியாக இருக்கும்போது சுற்றிலும் தண்ணீர் ஏறினால் இரண்டரை டன் அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். அடைமழைக் காலத்தில் லாரி வந்து முழுக்க எடுத்துப்போன மறுநாள் தொட்டி படகாகி, குழாயைப் பிய்த்துக்கொண்டு மண்ணுக்கு மேலே தலைகாட்டும். அடியில் கான்கிரீட் போட்டு, அதில் கம்பி வளையம் பதித்து, பட்டையால் தொட்டியை இழுத்துக் கட்டியே இறக்க வேண்டும். இறக்கியதும் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் சுற்றிலும் மண் தள்ள வேண்டும். காலியாக வைத்துத் தள்ளினால் பக்கம் நசுங்கும்.

வெளியேறும் தண்ணீர்

தொட்டியிலிருந்து வெளியே வருவது சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடக்கூடாது. நோய்க்கிருமி அத்தனையும் அதில் உயிரோடு இருக்கிறது. தெரு வாய்க்காலில் விட்டால் அது அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கே ஆடு மாடு தண்ணீர் குடிக்கும். மண்ணுக்குள் ஊறவிடத்தான் வேண்டும். உங்கள் மண் ஊறவிடுமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஓரடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் நிற்கவிடுங்கள். காலையில் அரையடித் தண்ணீர் ஊற்றி, ஓர் இஞ்ச் இறங்க எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பாருங்கள். முப்பது நிமிஷத்துக்குள் இறங்கினால் ஊறுகுழி போதும். மூன்றடி விட்டத்துக்குக் குறையாமல் தோண்டி, உடைகல் நிரப்பி, வீட்டுச் சுவரிலிருந்து இருபதடி தள்ளி வைக்க வேண்டும். இருபதடி இல்லாதவர்கள் அஸ்திவாரம் நனையாத தூரத்தையாவது என்ஜினியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரத்திலும் இறங்காத களிமண்ணில் ஊறுகுழி தோண்டுவது பணத்தைப் புதைப்பதற்குச் சமம். தரைமட்டத்துக்கு மேலே ஜல்லிப் படுகை கட்டி, அதில் கல்வாழை நட்டு வடியவிடுவதே அங்கே வழி.

எடுக்கும் நாள்

எப்போது எடுப்பது? நிரம்பி வழிந்த பிறகு அழைப்பது தாமதம். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால், நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி மூடி வழியாக அடிவரை இறக்கி, சில நிமிஷம் கழித்து மெதுவாக எடுங்கள். கறுப்புச் சேறு ஏறியிருக்கும் உயரம் துண்டில் தெரியும். மேலே மிதக்கும் ஆடையையும் சேர்த்து ஆழத்தில் பாதியைத் தாண்டினால் லாரியை அழையுங்கள். மூடியைத் திறந்ததும் குனியாதீர்கள், காற்று போகட்டும். தீக்குச்சி, பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். முழுக்கத் துடைத்துக் கழுவச் சொல்ல வேண்டாம். அடியில் இரண்டு இஞ்ச் பழைய சேறு நின்றால் கிருமிகள் மறுபடி பெருகும். ஈஸ்ட், சாணி, கடையில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை. ஆசிட்டை மட்டும் கொட்டாதீர்கள், அந்தக் கிருமிகள் செத்துவிடும்.

லாரிக்காரரிடம் உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டுவார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ரிங் ரோட்டோரம் இருட்டில் கொட்டுபவருக்கு நூறு இருநூறு குறையும் என்பதற்காக அழைக்காதீர்கள்.

ஆளை இறக்குவது பற்றி. தொட்டிக்குள் சேறு தங்கியிருக்கிறது, எந்திரம் எடுக்கவில்லை, ஒருத்தர் இறங்கி வாளியில் அள்ளித் தருகிறேன் என்கிறார். கொஞ்சம் காசு கூடக் கேட்கிறார். சம்மதிக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்குவார், காப்பாற்ற இறங்குபவரும் அதே கதிதான். மதுரையிலிருந்து இயங்கும் திவ்யபாரதி 2017-ல் எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கச் சொன்ன எவரும் குற்றவாளி. அமர்த்திய வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. எந்திரம் எடுக்கவில்லை என்றால் தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் 14420 என்ற கழிவுநீர்த் தொட்டி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. மூடிகள் எங்கே இருக்கின்றன, வீட்டின் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி, தொட்டியின் உள்ளளவு என்ன, கடைசியாக எடுத்த தேதி என்ன என்பதை ஓர் அட்டையில் படம் வரைந்து எழுதி, மின்மீட்டர்ப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். வீட்டை விற்றாலும் அந்த அட்டையைக் கிழிக்காமல் விட்டுவிட்டுப் போங்கள்.